ஹாட் லேபில் ஒப்படைத்தாயிற்று

வாட்ச்மேன் தங்கமுத்து சொல்வது பொய் மாதிரியும் இருந்தது, உண்மை மாதிரியும் இருந்தது. துப்பறிவாளர் சண்முகவள்ளிக்கு அதுதான் எரிச்சல். பொய்யென்றால் முழுப் பொய்யாக இருந்து தொலைக்க வேண்டியதுதானே!

"நான் எந்தப் பொட்டியும் வாங்கலம்மா. எந்தச் சாமி மேல வேண்ணாலும் சத்தியம் பண்றேன்" என்றார் அவர் மறுபடியும். வாய் உறுதியாகத்தான் பேசியது. கண் மட்டும் ஒருமுறை மேலே போய்விட்டுத் திரும்பியது.

"சாமிகிட்டயே கேட்டுக்கிறாரு போலக்கா" என்று காதைக் கடித்தான் அருண்பாண்டி.

சண்முகவள்ளி அவனை முறைத்தாள். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பூட்டுக்கடையின் மாடியில் அவளுக்குத் துப்பறியும் ஆபீஸ். 'கீழே பூட்டு, மேலே சாவி' என்று போர்டு வைக்கலாமே என்று யோசனை சொன்னவன் இந்த அருண்பாண்டி. உதவியாளன் என்று சம்பளம் வாங்குகிறான். உதவி எப்போதாவது வரும், வாய் எப்போதும் வரும்.

காவல் கூண்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள் ஷைனி. திருச்சி ரோட்டில் இருக்கும் இந்த ஸ்கேன் சென்டரின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி. சண்முகவள்ளியை வரவழைத்தவளும் அவள்தான். இங்கே கொடுப்பது சாதாரண மாத்திரை இல்லை. உடம்புக்குள் போய்க் கதிர்வீசி நோயைக் காட்டுகிற, சில சமயம் நோயையே எரிக்கிற மருந்து. மும்பையிலிருந்து மதுரைக்கு விமானத்திலும், அங்கிருந்து வேனிலும் வரும். சுண்டுவிரல் நுனி அளவு கேப்சூல். அதைச் சுற்றி ஈயக் குண்டான். அதைச் சுற்றி அட்டைப்பெட்டி. உரிமம் இல்லாதவர்கள் வாங்கவும் முடியாது, தொடவும் கூடாது. வந்தது, கொடுத்தது, மிஞ்சியது, குப்பைக்குப் போனது எல்லாவற்றுக்கும் ஷைனி கதிர் வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று காலை வந்திருக்க வேண்டிய பெட்டியைக் காணவில்லை.

"இந்தாங்க, கூரியர்காரங்க அனுப்பின மெசேஜ்" என்று ஷைனி போனை நீட்டினாள். "'ஹாட் லேபில் ஒப்படைத்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று'ன்னு இருக்கு பாருங்க. வழக்கமா வர்ற டிரைவர் லீவு. புது ஆள். அவரு போனும் சுவிட்ச் ஆஃப். போலீஸ் அவரைத் தேடி மதுரைப் பக்கம் போயிருக்கு."

"ஹாட் லேபுன்னா? நம்ம டாஸ்மாக்ல பீர் இல்லாதத ஹாட்டும்பாங்களே, அதுவா மேடம்?" என்றான் அருண்பாண்டி.

"கதிர் மருந்தைப் பிரிச்சு அளக்கிற ரூம். உலகம் பூரா அதுக்கு அதுதான் பேரு" என்றாள் ஷைனி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, மாடியில ஒரு அம்மா படுத்திருக்காங்க. கௌசல்யான்னு, சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறவங்க. தைராய்டுல புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு, மிச்சத்தை எரிக்கிறதுக்குத்தான் இந்த கேப்சூல். இதுக்காக ஒரு மாசமா தைராய்டு மாத்திரைய நிறுத்தி வச்சிருக்கோம். பாக்கெட் உப்பு கூடாது, மீன் கூடாது. மூஞ்சி வீங்கி, இந்த வெயில்லயும் போர்வை போத்திக்கிட்டு நடுங்குறாங்க. சாயங்காலம் சென்னையில இருந்து வாரியத்து ஆளுங்க வருவாங்க. அதுக்குள்ள பெட்டி கிடைக்கலைன்னா லேபுக்குச் சீல். அவங்க மறுபடியும் முதல்ல இருந்து பத்தியம் இருக்கணும். இருக்க உடம்புல தெம்பு இல்லக்கா."

அருண்பாண்டி முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான்.

சென்டரின் முதலாளி டாக்டர் பிரபு படியிறங்கி வந்தார். கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"ஷைனி, வாரியத்துக்கு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"தொலைஞ்சா உடனே சொல்லணும் சார். சட்டம்."

"சட்டம் மும்பையில இருக்கு. நான் திண்டுக்கல்ல இருக்கேன்!" என்று கத்தியவர், கேட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார். "தங்கமுத்து, வெளியாள் ஒருத்தரையும் உள்ள விடாத. ரிசப்ஷன்ல யாரும் போன் எடுக்கக் கூடாது. பேப்பர்காரன் மோப்பம் பிடிச்சா நாறிரும்."

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. டாக்டர் வந்த வேகத்திலேயே மாடியேறிப் போனார்.

சண்முகவள்ளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கூண்டின் கூரையைப் பார்த்தாள். தகரக் கூரை. அதன் நடுக்கம்பியில் புத்தம் புதுக் கொக்கி ஒன்று மாட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு வயர்கள், நுனி உரித்து, தயாராகத் தொங்கின. தங்கமுத்துவின் கண் போய்வந்த இடம் அதுதான்.

"அண்ணே, ஃபேன் எப்ப வருது?"

தங்கமுத்து சடாரென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"கொக்கி சொல்லுச்சு."

"கோடை பூராம் கேட்டேம்மா. இதுக்குள்ள வெந்து வெஞ்சனமாப் போயிட்டேன். மேனேஜரு 'வந்துரும், வந்துரும்'னே சொல்லிக்கிட்டிருந்தாரு. இன்னைக்கு விடியக்காலம் பாத்தா மாடிப்படிக்கு அடியில பொட்டி கெடக்கு. மேல ஃபேன் படம் போட்டுருக்கு. மஞ்சக் கலரு, மூணு றெக்க. தூக்கிப் பாத்தா கனமான கனம். அசல் காப்பர் காயிலு, நமக்குன்னு நல்லதா வாங்கிருக்காங்கன்னு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. டீ குடிக்கப் போறப்ப டிவிஎஸ்ல வச்சு, முனீஸ்வரி ஃபேன் கடையில மாட்டிக் குடுக்கச் சொல்லிட்டு வந்தேன்." கொஞ்சம் யோசித்து, "யாருகிட்டயும் வாங்கல தாயி. அது கெடந்துச்சு, எடுத்தேன். வாங்குனியான்னுதான எல்லாரும் கேட்டீங்க?" என்றார்.

ஷைனி கண்ணை மூடித் திறந்தாள். "அண்ணே, அது ஃபேன் இல்ல. கதிர்வீச்சு இருக்கு, தொடாதீங்கன்னு எச்சரிக்கிற சின்னம்."

"அப்ப காத்து வராதா?"

"வராதுண்ணே."

"வர்றது வேற" என்றான் அருண்பாண்டி.

ஷைனியின் காரில் பறந்தார்கள். பறந்தார்கள் என்பது பேச்சுக்கு. பூ மார்க்கெட் பக்கம் ஒரு செண்டுமல்லி வண்டி குறுக்கே நின்று, அவர்களை நத்தை வேகத்துக்கு இறக்கியது. ஷைனி மடியில் ஒரு சின்ன மீட்டர். கதிர் இருந்தால் டிக் டிக் என்று சத்தம் போடும். அருண்பாண்டி அதையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினான்.

"மேடம், இத பிரியாணிக் கடை வாசல்ல காட்டுனா உள்ள சூடா இருக்கா, நேத்துப் பண்ணுனதான்னு சொல்லுமா?"

"ரோட்டைப் பாருங்க" என்றாள் ஷைனி.

"நானும் அதத்தான் தெனம் சொல்றேன்" என்றாள் சண்முகவள்ளி.

முனீஸ்வரி ஃபேன் கடையில் கூரை முழுக்கக் காற்றாடிகள் தலைகீழாகத் தொங்கின. ஒன்றுகூடச் சுற்றவில்லை. முனீஸ்வரி காயில் சுற்றுவதில் ஊரறிந்த கைக்காரி. அதைவிட ஊரறிந்தது அவள் வாய்.

"யாரு, தங்கமுத்து ஆளுகளா? வாங்க! அந்தாளு வயசுக்குப் பாத்துட்டுச் சும்மா இருக்கேன். ஃபேன மாட்டிக் குடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பிரிச்சுப் பாத்தா உள்ள ஈயக் குண்டான்! ரசம் வைக்கவா?"

குண்டான் வாசலில் இருந்தது. காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

"எல்லாரும் பின்னால போங்க!" என்று ஷைனி போட்ட சத்தத்தில் முனீஸ்வரியே இரண்டடி பின்வாங்கினாள். அருண்பாண்டி அவளுக்கும் பின்னால் போய் நின்றான். ஷைனி மீட்டரை நீட்டிக்கொண்டு மெல்ல நெருங்கினாள். மூடி இறுக்கமாகத் திருகியபடியே இருந்தது. மீட்டர் சும்மா இருந்தது. இன்னும் நெருங்கினாள். அது ஒரு தடவை 'டிக்' என்றது. அப்புறம் தூங்கிப் போய்விட்டது.

ஷைனி கிழிந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பினாள். மறுபக்கத்தில் கொட்டை எழுத்தில் 'காலி' என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து.

"போன வாரத்துக் குண்டான். மும்பைக்குத் திருப்பி அனுப்புறதுக்குப் படிக்கு அடியில வச்சிருந்தேன். அவரு இந்தப் பக்கம் பாத்திருக்காரு, நான் அந்தப் பக்கம் எழுதியிருக்கேன்" என்றவள் அப்படியே ஒரு ஃபேன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்கு வந்தது எங்கேன்னே தெரியலையே. கௌசல்யாக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

கண்ணில் நீர் முட்டியது. சண்முகவள்ளிக்கும் மனசு விட்டுப் போயிற்று. காலையிலிருந்து துரத்திய ஒரே துப்பு, கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது.

முனீஸ்வரிக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு பெண் அழுவதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அழுவாத தாயி. கெடச்சிரும். நான் கூட இத ஃபேன்னு நெனச்சு ஒத்தக் கையில தூக்கிட்டேன். அந்தக் கனத்துக்கு எனக்கு ஹாட்டே நின்னுபோச்சு."

சண்முகவள்ளி நிமிர்ந்தாள். "என்ன நின்னுபோச்சு?"

"ஹாட்டு!" என்று முனீஸ்வரி நெஞ்சில் தட்டிக் காட்டினாள். "இந்தா, இங்குன இருக்குல்ல, ஹாட்டு."

"அருண், இப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஹார்ட்டுக்கா. இதயம். ஒங்களுக்குத்தான் இல்ல, சம்பள நாளுல பாத்திருக்கேன்."

சண்முகவள்ளி அவனைத் திட்ட மறந்தாள். "ஷைனி, அந்த கூரியர் மெசேஜை இன்னொரு தடவை படிங்க."

"ஹாட் லேபில் ஒப்படைத்தாயிற்று…"

"நாம அதப் பொய்யின்னு முடிவு கட்டிட்டு டிரைவரைத் தேடுறோம். அது உண்மையா இருந்தா?" அவள் தங்கமுத்துவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "அண்ணே, பொட்டிய வாங்குனீங்களான்னு கேக்கல. காலையில யாராச்சும் ஒங்ககிட்ட வழி கேட்டாங்களா?"

"கேட்டாரும்மா, ஒருத்தரு. பாவம், வெளியூரு. ஒரு பொட்டியத் தூக்கிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்னாரு. 'ஹாட்டு லேபு எங்கண்ணே'ன்னாரு. நெஞ்சு வலி கண்டுருச்சு போலன்னு எனக்குப் பதறிப் போச்சு. 'அப்பு, இது ஸ்கேன் எடுக்கிற எடம். ஹாட்டுக்குப் பழனி ரோட்டுல தனி ஆஸ்பத்திரி இருக்கு, செத்த நேரங்கூட நிக்காம ஓடு'ன்னு நான்தேன் வேன்ல ஏத்தி விட்டேன். ஏம்மா, பொழச்சுக்கிட்டாரா?"

முதலில் சிரித்தது ஷைனிதான். கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள்.

"பொட்டி கனத்துக்கு வேர்த்திருக்கு. அந்த வேர்வையப் பாத்துட்டு ஹாட் லேபை ஹார்ட் லேபாக்கிட்டாரு" என்று காருக்கு ஓடினாள் சண்முகவள்ளி. "கேட்டதுக்கெல்லாம் அவரு சரியாத்தான் பதில் சொன்னாரு. நாமதான் கேள்வியத் தப்பாக் கேட்டுட்டோம்."

பழனி ரோட்டில் அந்த இதய மருத்துவமனை. உள்ளே நீல எழுத்தில் 'ஹார்ட் லேப்' என்று போர்டு. வெளியூர் டிரைவருக்கு வேறென்ன வேண்டும்? அதே பெயர், கதவு திறந்திருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இருக்கிறது. ஈசிஜி மெஷினுக்குக் கேட்டிருந்த உதிரிப் பாகம் வந்துவிட்டது என்று வரவேற்பறைப் பெண் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நடைபாதையின் கோடியில், பூட்டிய அறை ஒன்றிலிருந்து நன்றாகத் தள்ளி நாற்காலி போட்டு ஓர் இளம்பெண் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். நடைபாதையின் குறுக்கே துணி காயப்போடுகிற கொடிக்கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு காகிதம்: 'யாரும் வராதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பாஸிலா, எக்ஸ்ரே.'

மீட்டர் அங்கேயே முணுமுணுக்க ஆரம்பித்தது. பாஸிலா எழுந்து நின்றாள். "நீங்க ஷைனி மேடமா? அல்லா, வந்துட்டீங்களா! பழைய எக்ஸ்ரே ரூம் மேடம், செவுத்துல ஈயத் தகடு இருக்கு, அதான் உள்ள வச்சுப் பூட்டினேன். லேபிள்ல இருந்த ஒங்க சென்டர் நம்பருக்குக் காலையில இருந்து அடிக்கிறேன். மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. எங்க ஆளையும் அனுப்பினேன். வெளியாள உள்ள விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருன்னு ஒங்க வாட்ச்மேன் வெரட்டி விட்டுட்டாராம். இத விட்டுட்டு நானே வரலாம்னா, அதுக்குள்ள எவனாச்சும் ஃபேன்னு நெனச்சுத் தூக்கிட்டா?"

அருண்பாண்டி சுவரில் சாய்ந்து சிரித்தான். "சரியாத்தான் பயந்திருக்கீங்க. நம்ம ஊரு ஆளுக அப்படித்தேன்."

அறையைத் திறந்ததும் மீட்டர் பொரி வறுக்கிற மாதிரி சடசடத்தது. அன்றைக்கு ஷைனி கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான். பெட்டியின் சீல் உடையவில்லை. அவள் பாஸிலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

சென்டருக்குத் திரும்பியதும் வாரியத்துக்குப் போன் போட்டாள். சீல் சரியாக இருக்கிறதா, அளந்து பார்த்தால் அளவு சரியாக வருகிறதா, இடையில் யார் யார் பக்கத்தில் போனார்கள் என்று எதிர்முனையில் துருவித் துருவிக் கேட்டார்கள். எல்லாம் சரி என்றதும், மருந்தைக் கொடுக்கலாம், மற்றதை வழியில் இருக்கும் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள்.

"பாத்தீங்களா, பெட்டி கிடைச்சிருச்சு. வாரியத்துக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர் பிரபு.

"போனை எடுத்திருந்தா, காலையிலயே கிடைச்சிருக்கும் சார்" என்றாள் ஷைனி.

டாக்டருக்கு உடனே மாடியில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

கௌசல்யா கேப்சூலை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். வீங்கிய முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. "இம்புட்டுத்தானா? இதுக்கா ஊரு பூராம் தேடுனீங்க?" என்றவளுக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஷைனி அதற்குள் ஈயத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்திருந்தாள். கேப்சூல் உள்ளே போன நிமிடத்திலிருந்து யாரும் கௌசல்யாவிடம் நெருங்கக் கூடாது.

"அழாதீங்கக்கா. கிட்ட வந்து கண்ணைத் துடைச்சு விட முடியாது என்னால" என்றாள் ஷைனி.

"நீயும் அழுவாத தாயி. எனக்கு மட்டும் முடியுமா?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவரவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சண்முகவள்ளி ஜன்னல் வழியே வெளியே பார்ப்பது போல் நின்றாள். அருண்பாண்டி தூசு விழுந்துவிட்டது என்றான். இரண்டு கண்ணிலுமா என்று யாரும் கேட்கவில்லை.

"இனிமே இந்த ஹாட்டு வேண்டாம்" என்று முடிவு செய்தாள் ஷைனி. "தமிழ்லயே பேரு வச்சிருவோம். குழப்பமே வராது." அருண்பாண்டி வெள்ளை அட்டையில் கொட்டையாக 'கதிர் அறை' என்று எழுதி, அம்புக்குறி போட இடமில்லாமல் அப்படியே கேட்டில் கொண்டுபோய்க் கட்டினான்.

வெயில் தாழ்ந்தது. வாரியத்து அதிகாரிகளைக் காணவில்லை. போனில் 'ஊருக்குள் வந்துவிட்டோம்' என்று சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. மூன்று பேரும் கேட்டுக்கு வந்தார்கள்.

கூண்டுக்குள் தங்கமுத்து சொர்க்கத்தில் இருந்தார். முனீஸ்வரி மனமிரங்கிப் பழைய ஃபேன் ஒன்றை அனுப்பியிருந்தாள். அது கடகடவென்று சத்தம் போட்டது, ஆனாலும் சுற்றியது.

"அண்ணே, சென்னையில இருந்து யாராச்சும் வந்தாங்களா?" என்றாள் ஷைனி.

"வந்தாங்கம்மா. ரெண்டு பேரு, பெரிய எடத்து ஆளுக. கேட்டுல இருந்த அட்டையப் படிச்சுட்டு, 'கதிர் அறை எந்தப் பக்கம்'னாங்க. கதிருன்னு இங்க யாரும் வேல பாக்கலையே, எவனோ அட்டைய மாத்திக் கட்டிட்டான்னு சொல்லிட்டேன்." காற்று முகத்தில் அடிக்க, நிறைவாகச் சிரித்தார். "சும்மா அனுப்பல தாயி. அடுத்த தெருவுல டெய்லரு கதிரு இருக்காரு, அவரு அறை மாடியில இருக்குன்னு அடையாளம் சொல்லித்தேன் அனுப்பி வச்சேன்."

ஷைனியின் போன் அடித்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"சீக்கிரம் எடுங்க மேடம்" என்றான் அருண்பாண்டி. "அவரு அளவெடுக்க ஆரம்பிச்சிரப் போறாரு."